எண்ணூர் யார்டில் எழும்பாத மெஷின்கள்

டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை கம்பி வழியா எழுப்புறது, பக்கத்து வூட்ல தூங்குறவனை நம்ம வூட்லருந்து கூவி எழுப்புற மாதிரி. எழுந்தா நம்மளை யாரும் கேக்க மாட்டாங்க, எழலைன்னா ஊரே கேக்கும்.

கருப்பு ஸ்கிரீனை வெறிச்சுகினு உட்கார்ந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். மத்தவங்களுக்காக ரெண்டு வார்த்தை. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்தை வுட்டவன் நான். கேபிள் இழுக்கப் போய், அங்கயே சர்வர் ரூம்ல தங்கிட்டேன். இன்ஜினியர் தேவிகாவும் நானும்தான் அந்த ரூமுக்கு. ஒரே பெரிய பெட்டி. அதுக்குள்ள பல கம்ப்யூட்டர் தனித்தனியா இருக்கிற மாதிரி ஓடும். வி.எம்.னு சொல்லுவாங்க. கேட் பாஸ் அடிக்கிறது, எடைமேடை எல்லாம் அதுங்க வேலை. தினம் காலையில எழும்போது, "எனக்கு ஒரு நம்பர் குடு, ஓடுறதுக்கு ஃபைல் குடு"ன்னு கம்பியில கூவும். பதில் சொல்றதுக்குன்னே ஒரு வி.எம். உண்டு. அதுக்கு மேஸ்திரின்னு பேர் வச்சிருந்தேன்.

இப்ப அந்த ரூம் இல்ல. அந்த ஏசி சத்தம் மட்டும் இன்னும் காதுல கீது.

ஓரமா இருந்த பெட்டி

ஒரு நாள் காலையில ஒரு மெஷினும் எழல. வெளிய டிரெய்லருங்க மெயின் ரோடு வரைக்கும் நின்னு ஹாரன் அடிக்குது. நம்பர் கிடைச்சிருக்கு, ஃபைல்தான் கிடைக்கல. "அண்ணே, இது நம்ம மேஸ்திரி குடுத்த நம்பரே இல்ல. வேற எவனோ பதில் சொல்றான்"ன்னா தேவிகா.

சுவர் சுவரா தேடினோம். கேட் கவுன்டர்ல இருக்கிற பிலோமினாவோட மேசைக்குக் கீழ, வூட்லருந்து கொண்டாந்த வைஃபை பெட்டி. சுத்தி கன்டெய்னரா அடுக்கி வச்சதுல போன்ல சிக்னல் வரலைன்னு சுவர்ல இருந்த நம்ம நெட்வொர்க் கம்பியில சொருகிட்டா. மேஸ்திரிக்கு முந்திக்கினு அது எல்லாருக்கும் நம்பர் வாரிக் குடுத்துட்டுது. தூத்துக்குடிக்காரரான எங்க மேனேஜர், "இன்னொரு தடவ கேட்டுல வேலை நின்னா, உங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுருவேன்"னு சொல்லிட்டுப் போனாரு. தேவிகா முகம் வெளுத்துப் போச்சு. அவ சம்பளத்துலதான் அவங்க வூடே ஓடுது. பெட்டியைப் பிடுங்கி பிலோமினா கையில குடுத்தேன். அவ சொன்னா: "நான் இன்னா பண்ணேன் நைனா, அது பாட்டுக்கு ஓரமாத்தான இருந்துச்சு!"

ரெட்டைப் பிள்ளை

அப்புறம் ரெண்டாவது எடைமேடை வந்தது. பழைய மெஷினை அப்படியே காப்பி எடுத்து ஒண்ணு பண்ணோம். ஒண்ணு எழுந்தா இன்னொண்ணு படுத்துக்கும். காப்பி எடுக்கும்போது, மேஸ்திரி ஆளைத் தெரிஞ்சுக்கிற அடையாள நம்பரும் கூடவே வந்துட்டுது. அதை மாத்தினதும் ரெண்டும் ஓடிச்சு. நல்ல வேளை, கேட்டுல வேலை நிக்கல. மேடை மேல வண்டியோட காத்துகினு இருந்த டிரைவர் மணிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சுகினே கியர் போட்டான்: "ரெண்டு வண்டி ஒரே நம்பர் பிளேட்டு போட்டுகினு ஓடுனா, டிராபிக்காரன் சும்மா வுடுவானா மாமு?"

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு யார்டுல கிரேன்லருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம். எல்லாத்தையும் அணைச்சு ஓய்வு குடுக்கணும்னு அந்த வருஷம் மேனேஜர் கட்டளை. வச்ச நாளா அணைக்காத எங்க பெரிய பெட்டியையும் அணைச்சு, பொட்டு வச்சு, பொரி படைச்சோம்.

மறுநாள் காட்டுப்பள்ளி துறைமுகத்துல கப்பல் நிக்குது. மதியத்துக்குள்ள சரக்கு போயாகணும். பெட்டி சுவிட்சைப் போட்டோம். அத்தனையும் கருப்பு. தேவிகா தலையில கை வச்சுகினா. "அண்ணே, எல்லாத்தையும் கம்பி வழியா எழுந்திருக்கச் சொல்லி ஒரே மாதிரி செட்டிங் போட்டோம்ல? அதுல மேஸ்திரியும் சேர்ந்துட்டுது. இத்தனை நாள் அணைக்காததால தெரியல." மேஸ்திரிக்கு மட்டும் சொந்தமா டிஸ்க் உண்டு. அதை வுட்டுட்டு, நம்பர் குடுன்னு கம்பியில கூவிகினு இருக்கு. பதில் சொல்ல வேண்டியதே அதுதான்!

எங்க கம்ப்யூட்டர்லருந்து உள்ள போய் மாத்தலாம்னா, அதுக்கும் மேஸ்திரிதான் நம்பர் தரணும். பெட்டியில நேரா ஸ்கிரீன் மாட்டணும், ரூம்ல ஸ்கிரீன் இல்ல. பிலோமினா காதுல வுழுந்ததும், அவ கவுன்டர் ஸ்கிரீனையே குங்குமத்தோட இடுப்புல வச்சுகினு ஓடியாந்தா. "சீக்கிரம் மாட்டு நைனா, அந்தாளு வராரு!" தேவிகா அதை மாட்டி, மேஸ்திரியை டிஸ்க்லருந்து எழுந்திருன்னு மாத்தினா. மேஸ்திரி எழுந்தான். பின்னாடியே எடைமேடை, கேட்டு. பிலோமினா ஸ்கிரீனைத் திரும்பத் தூக்கிகினு கவுன்டருக்கு ஓடினா. முதல் பாஸ் அடிச்ச சத்தம் கேட்டப்பதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வாசல்ல மேனேஜர். டிரெய்லர் நகர்றதைப் பார்த்தாரு, எங்களைப் பார்த்தாரு, பெட்டி மேல இருந்த சந்தனத்தைப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு: "அடுத்த வருசம் நீங்க ரெண்டு பேரும் இதுக்குப் பொட்டு மட்டும் வையுங்க, அணைக்க வேண்டாம், கேட்டியளா?"

சாமிக்குன்னு ஒரு நாள் ஓய்வு குடுத்தாலும் கோவிச்சுக்கிற மெஷினுங்களோடதான் நாங்க குடும்பம் நடத்தினோம்.