பூட்டிக் கிடந்த பாதி வீடு

யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வீடுகளாகப் பார்த்து வாங்குவது என் பழக்கம். விருதுநகர்த் தரகர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். பங்காளிச் சண்டையில் கிடந்த வீடு, தண்ணீர் வராத தெரு, வாசல் தப்பான திசையில் இருக்கும் வீடு என்று எதைக் காட்டினாலும் நான் தலையாட்டிவிடுவேன் என்பது அவர்கள் கணக்கு. தாயில்பட்டி வீட்டையும் அப்படித்தான் என் தலையில் கட்டினார்கள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடித்தனம், அந்தப் பக்கம் ஒரு குடித்தனம்.

ஒரு பாதியில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தார். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஓடு ஒழுகுகிறது, சாக்கடை அடைக்கிறது என்று அந்த அம்மா வாரம் தவறாமல் போன் செய்வார். மறுபாதியில் இருந்தவரோ தங்கமான மனிதர். பட்டாசுக்கு வேண்டிய காகிதக் குழாய்களை வாங்கி வைத்து விற்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு புகார் கிடையாது, என்னைக் கண்டால் கும்பிடு வேறு. இந்த இரண்டில் எது தொல்லை பிடித்த குடித்தனம் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

அந்தத் தங்கமான மனிதர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். இரண்டு வாரமாகியும் ஆளைக் காணோம், போனும் எடுபடவில்லை. அப்போதுதான் அடுத்த பாதியிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். ஓடு விவகாரம் என்று நினைத்து எரிச்சலோடு எடுத்தேன்.

“அண்ணாச்சி, செவுத்துக்கு அங்கிட்டு மருந்து வாசம் வருது. பத்து வருசமா கம்பெனியில மோந்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? வந்து என்னன்னு பாருங்க.”

பட்டாசுக்குள் அடைக்கிற ரசாயனத்தைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்பார்கள். வக்கீலைக் கேட்டேன், நோட்டீஸ் விடாமல் பூட்டை உடைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும் என்றார். தரகரைக் கேட்டேன், உடைத்து உங்கள் பூட்டைப் போடுங்கள், அவ்வளவுதான் என்றார். தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன், கிட்டேயே போகாதே, நேராக ஸ்டேஷனுக்குப் போ என்றான். உள்ளே மருந்து இருந்தால் முதலில் வீட்டுக்காரனைத்தானே பிடிப்பார்கள் என்று அவனே பத்து நிமிடம் கழித்துப் போன் செய்து சொன்னான். ஒன்றும் இல்லாவிட்டாலும் வில்லங்கம்தான். போலீஸ் வந்துபோன வீடு என்று பெயராகிவிட்டால் அப்புறம் அதை எவன் வாங்குவான்? என் பெயரில் பத்திரம் இருக்கிற வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல், காலையில் ஒரு முடிவும் மாலையில் ஒரு முடிவுமாக நாலு நாளை ஓட்டினேன். அந்த அம்மா மறுபடியும் கூப்பிட்டு, “வருவீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

கடைசியில் முதலில் திறந்து பார்ப்பது, பிறகு யாரிடம் சொல்வதென்று யோசிப்பது என்ற மகா முட்டாள்தனமான முடிவுக்கு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவரை அழைத்துப்போனேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் முன்பு பட்டாசு வேலை பார்த்தவர். மெஷின் வைத்தால் பொறி பறக்கும், சுத்தியலும் ஆகாது, தண்ணீரை ஊற்றி ஊற்றி ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும் என்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தார்.

அவர் அறுக்க ஆரம்பித்ததும் நான் சுறுசுறுப்பானேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டினேன். பெட்டிக்கடைக்காரரைக் கடையைச் சாத்தச் சொன்னேன். வாசலில் நின்ற என் பைக்கைத் தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நானும் நின்றுகொண்டேன். வாய் மட்டும் முருகா முருகா என்றது.

பூட்டு விழுந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஓடாமல் மெதுவாக நடந்து என்னிடம் வந்தார். முன்னறையில் குழாய் மூட்டைகள். நடுச்சுவரை ஒட்டிய சமையல்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறைய மருந்து. நான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், அடுத்த பாதியிலிருந்து குக்கர் விசில் அடித்தது.

என்ன சொல்லிக் கத்தினேனோ நினைவில்லை. ரிப்பேர்க்காரர்தான் ஓடிப்போய் அந்த அம்மாவையும் பிள்ளைகளையும் வெளியே கூட்டிவந்தார். பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தவருக்கு நான் வந்ததே தெரியாது. அதிகாரிகள் வந்து டிரம்மை எடுத்துப்போக மாலையாகிவிட்டது. அதுவரை என்னென்னவோ கேட்டார்கள். நானும் என்னென்னவோ சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அந்த அம்மா பைக் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“வண்டியத் தள்ளி நிப்பாட்டணும்னு தோணியிருக்கு. எங்கள வெளிய வாங்கன்னு சொல்லத் தோணலியா, அண்ணாச்சி?”

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு, பிள்ளைகளுக்கும் லீவு. அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்கடைக்காரர் வரைக்கும் ஞாபகம் வந்த எனக்கு இது எப்படி விட்டுப்போனது என்று இன்றுவரை விளங்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அந்த வீட்டுக்கு என்னை வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டவரே அவர்தான்.