முடிச்சுக்குத் துணி குறைந்த கூடை

என் தங்கை கணவர் ஆண்டியப்பனை யாராவது புகழ ஆரம்பித்தால், நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். எனக்கு வந்த பிரசவ மருந்தை விற்ற மனிதர் அவர். ஈப்போவில் பச்சைப் பிள்ளையோடு நான் காத்திருக்க, அதைத் தின்றவர் தானா ராத்தா என்ற ஊரில் யாரோ.

எழுபதுகளின் கடைசி அது. மலை மேலே பிரிஞ்சாங் ஊரில் ஒரு காய்கறிக் கிடங்கில் அவருக்கு வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் கோஸும் பீன்ஸும் போடுவார்கள். கொழுந்து எடுக்கப் போகும் முன் பெண்கள் கூடைகளைச் சாலையோரம் வைத்துவிட்டால் லோரி வந்து அள்ளிக்கொண்டு போகும். கிடங்கில் அவற்றைப் பிரித்து அடுக்கி, எது எங்கே போக வேண்டுமோ அங்கே அனுப்புவது ஆண்டியப்பன்.

அந்த மழைக்கும் பனிக்கும் காகிதத்தில் எழுதிக் கட்டினால் கிடங்கு போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும். அதனால் கூடையின் பிடியில் கட்டும் சேலைக் கிழிசல்தான் அடையாளம். முதல் துணி யார் வீட்டுக் கூடை என்று சொல்லும். இரண்டாவது, உள்ளே என்ன காய் என்று சொல்லும். இவை இரண்டும் கட்டாயம். மூன்றாவது, வேண்டுமானால் மட்டும். ‘விற்காதே, ஈப்போவில் எங்கள் ஆளிடம் சேர்த்துவிடு’ என்றால் ஒரு சிவப்புத் துணி. அது இல்லாவிட்டால் கூடை விலைக்குப் போகும்.

ஆண்டியப்பன் ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். “என் கிடங்குல ஒரு வெங்காயம்கூட வழி தப்பாது லா!” என்பார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. சில நாள் லோரியோடு வருவார். என் தங்கை அம்சவல்லியின் கூடையை மட்டும் இவரே இறங்கித் தூக்குவார். லயம் முழுக்கப் புரிந்துபோன பிறகு, எங்கள் அப்பாவிடம் வந்து பெண் கேட்டார். அப்பாவுக்குச் சம்மதம். அம்சா, “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். உப்பு வாங்கவே யோசிக்கிறவள் அவள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அம்மா இடித்துக் கிளறிய மருந்தை உருட்டி, கூடையின் அடியில் வைத்து, மேலே கோஸ் அடுக்கி அனுப்பினாள் அம்சா. கிடங்குக்கு வந்தபோது கூடையில் இரண்டு துணிதான் இருந்தது. ஆண்டியப்பன் விற்றுவிட்டார். வாங்கிய தானா ராத்தா சாப்பாட்டுக் கடைக்காரர், அடியில் கிடந்த கறுப்பு உருண்டையைப் புளி என்று நினைத்து மீன் குழம்பில் கரைத்துவிட்டாராம். சாப்பிட்டவர்கள் எல்லாரும் அன்று மறுசோறு கேட்டார்களாம். இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

அடுத்த நாள் சாலையோரத்தில் சண்டை.

“நான் சிவப்புத் துணி கட்டினேன்” என்றாள் அம்சா.

“வரலையே!”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவது இல்லாட்டி விக்கறதுதானே வழக்கம்?”

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். மூன்றாவது துணி இல்லாத கூடையைப் பார்த்து, கட்டாமல் விட்டார்களா, கட்டியது வழியில் விழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அம்சாவின் கோபத்தில் அதெல்லாம் எடுபடவில்லை.

“கூடையில ஒரு துணியப் பாத்துக்கத் தெரியாதவரு, என்னை எங்க பாத்துக்கப் போறாரு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பெண் கேட்டதற்கு அதுதான் பதில் என்று லயமே முடிவு கட்டியது.

மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் முடங்கிக் கிடக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாக வந்து நின்று சொன்னார்.

“இனிமே முதல் துணியிலயே முடிச்சுப் போடுங்க. மொத்தம் எத்தனை துணியோ அத்தனை முடிச்சு. மூணு முடிச்சு இருந்து ரெண்டு துணிதான் இருந்தா, ஒண்ணு விழுந்துடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அந்தக் கூடைய விக்க மாட்டேன். நானே நேர்ல வந்து கேப்பேன்.”

“முதல் துணியே விழுந்துட்டா?” என்று மடக்கினார் கங்காணி ராமையா.

“கூடையத் தலையில வச்சுக்கிட்டு வீடு வீடா வருவேங்க!”

பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. அம்சாவும் முடிச்சுப் போட்டாள். இரண்டு முடிச்சு, இரண்டு துணி, கூடையில் கோஸ். ஒரு வார்த்தை கிடையாது. அவள் கூடை வரும்போதெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாராம் பாவம்.

ஒரு நாள் அவள் கூடையில் மூன்று முடிச்சு இருந்தது. துணி இரண்டுதான்.

“கோஸ்தானே, ஏத்திவிடு” என்றார்கள் கிடங்கில். இவர் கேட்கவில்லை. கூடையை லோரியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். தேயிலை வரிசைகளுக்கு நடுவே கூடையோடு இவர் ஏறி வருவதைப் பார்த்து, கொழுந்து எடுத்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அம்சாவின் கை மட்டும் நிற்கவில்லை.

“அம்சா, மூணாவது துணி விழுந்துடுச்சு. இது எங்க போகணும்?”

“விழலை. நான் கட்டவே இல்லை.”

“அப்புறம் எதுக்கு மூணு முடிச்சு?”

“துணி குறைஞ்சா நேர்ல வந்து கேப்பேன்னு சொன்னீங்கல்ல? வந்துட்டீங்க. கேளுங்க.”

அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ. பக்கத்து வரிசைக்குக்கூடக் கேட்காமல் கேட்டாராம். அது அந்தப் பெண்களுக்கெல்லாம் இன்றுவரை குறை.

நிச்சயதார்த்தத்துக்கு நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். இலையில் கோஸ் கூட்டு. அந்தக் கூடைக் கோஸ்தானாம். “துணி குறைஞ்ச கூடைய எப்படிக்கா விக்கறது?” என்றார் மனிதர். மருந்து போன கோபம் பாதி அன்றைக்கே தீர்ந்துவிட்டது. மீதியை, அவரைக் கேலி செய்ய வைத்திருக்கிறேன்.