ஆடு வராத இரண்டாம் பாகம்

போன வாரம் ஏரிக்கரையில் என் கடைக்கு நாலு பையன்கள் பிரட் ஆம்லெட் சாப்பிட வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஏதோ ஒரு மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகத்தைக் கீழே பார்த்துவிட்டு, அந்தக் கடுப்போடு மலையேறி வந்திருக்கிறார்கள். ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, "செகண்ட் ஹாஃப் ஃபுல்லா லேக்குக்கா, தாங்கல" என்றான்.

கொடைக்கானலில் லேக் என்றால் ஒன்றுதானே? கடைக்கு எதிரே கிடக்கிறதே, அதுதான். நான் ஆசையாக, "எந்தப் பக்கம் தம்பி எடுத்துருக்கான்? போட் ஹவுஸ் பக்கமா? நம்ம கடை தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். ஒருத்தனுக்கு டீ புரையேறியது. இன்னொருத்தன் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லேக் இல்லக்கா. இழுவை. படம் நகரவே இல்ல" என்று விளக்கினான்.

நானும் சிரித்தேன். எத்தனையோ வருடமாகக் கடை போடுகிறேன், இன்னும் இப்படி மாட்டிக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் இருந்த கண்ணாடிக்காரப் பையன் சிரிக்கவில்லை. "முதல் பார்ட்ல ஒரு அம்மாவக் கோட்டைல விட்டுட்டு வந்தாங்கல்ல, அவங்க என்ன ஆனாங்கன்னே சொல்லல, பாத்தியா?" என்றான். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன். தூறல் விழுந்தது. அடுப்புமேல் தண்ணீர் விழாமல் பழைய சாக்கை இழுத்துக் கட்டினேன். ஈரச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், ஆள் ஆடலூருக்குப் போய்விட்டேன்.

அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறித்தால், பத்து மணிக்குள் பனியும் பழச்சாறும் ஊறி, புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை வரும். துவைத்தாலும் போகாது. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் கண்ணுக்கும் கைக்கும்தான் சோலி. வாய் சும்மாதான் கெடக்கும். பக்கத்துச் செடி நிரையில் பறிக்கிற ரோசி சொல்வாள்: "வாய்க்கு எதையாவது போடுடி, காஞ்சு கெடக்கு." அவள் கேட்பது வெற்றிலை இல்லை, கதை.

கதை சொல்லும் வேலை எனக்கு எப்படி வந்தது என்றால், மற்றவர்களைவிட ஒரு படம் கூடப் பார்த்தவள் நான். கீழே என் சித்தி வீடு தியேட்டருக்குப் பின்னால். லீவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு படம். திரும்பி வந்ததும் அந்தப் படத்தை ஒரு வாரத்துக்கு நீட்டுவேன். சண்டைக்கு வாயாலேயே சத்தம் கொடுப்பேன். நடுவில் கங்காணி பாண்டியண்ணன் வந்தால், "பச்சக் காயப் பறிக்காதீங்க, பழமாப் பாத்துப் பறிங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அப்படியே செடிக்குப் பின்னால் நின்று அவரும் கேட்பார்.

அப்படித்தான் அந்த மாயக்கப்பல் படத்தின் முதல் பாகத்தைச் சொன்னேன். அக்கா தங்கை இரண்டு பேர். கடைசியில் கப்பல் பறக்கத் தொடங்குகிறது. அக்கா ஏறிவிடுகிறாள், தங்கை தீவிலேயே நின்றுவிடுகிறாள். கையில் ஒரு விளக்கு. அது சின்னப் புள்ளியாகிறவரை காட்டுவார்கள். தொடரும் என்று எழுத்து.

"தொடரும்னா?" என்று கேட்டது லெச்சுமியக்கா.

லெச்சுமியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலில் வந்தது. டீயைத் தேத்தண்ணி என்னும், வீட்டை லயம் என்னும். அதிகம் பேசாது. ரோசி வம்புக்கு இழுத்தால், "ஒன்னோட கதைக்க ஏலாதுடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். அந்த மனுஷி மறுநாள் வெள்ளனே வந்து என் பக்கத்து நிரையைப் பிடித்துக்கொண்டது. "அந்தச் சின்னது என்ன ஆச்சு?" அதற்கு அடுத்த நாளும் அதே கேள்வி.

இரண்டாம் பாகம் வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. தங்கை தீவில் ஒரு குகையில் தங்கினாள் என்று ஆரம்பித்தேன். "தனியாவா? பாவம், ஒரு ஆட்டையாவது குடுடி" என்றாள் ரோசி. சரி என்று ஒரு வெள்ளாட்டைக் கொடுத்தேன். இருட்டில் அதன் கொம்பு மட்டும் மினுங்கும். பாண்டியண்ணனுக்கு முதல் பாகத்தில் வந்த வில்லன் ராஜாமேல் தீராத கோபம். "அவன் காலுல அட்டைய ஏத்திவிடு, ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்தா" என்றார். ஏற்றிவிட்டேன். கடைசியில் அக்காக்காரி அதே கப்பலில் தேடி வருவாள், ஆடு கொம்பால் வெளிச்சம் காட்டும், இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள்.

லெச்சுமியக்கா பறிக்கிற கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. "நெசமாவா? இல்ல, நீயாக் கட்டிச் சொல்றியா?"

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். "நெசம்தான்க்கா. எங்க மாமா மகன் மெட்ராஸ்ல அந்தப் படத்துக்குத்தான் லைட்டு புடிக்கான். அவனே சொன்னான்" என்றேன். அது தலையை ஆட்டிவிட்டுப் பறிக்கத் தொடங்கியது. அன்றைக்கு அதன் சாக்குதான் முதலில் நிறைந்தது.

அதற்குப் பிறகு மூன்று சீசன். கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சில நாள் லெச்சுமியக்காவே எடுத்துக் கொடுக்கும்: "ஆடு இன்னிக்குக் குட்டி போடணும்ல?"

இரண்டாம் பாகம் வந்தேவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் பாண்டியண்ணன் ஜீப் பேசினார். ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் மலை இறங்காத லெச்சுமியக்கா, கிளிப்பச்சைச் சேலை கட்டி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. வளைவுக்கு வளைவு, ஜீப் பஞ்சராகாதா என்று பார்த்தேன். பாழாய்ப்போன ஜீப் அன்றைக்குத்தான் குதிரை மாதிரி ஓடியது.

படத்தைப் பற்றி என்ன சொல்ல? ஆரம்பத்திலிருந்து கதாநாயகன் நடந்தான். மெதுவாக நடந்தான். திரும்பி நடந்தான். இடையில் ஒரு யுத்தம். எந்தப் பக்கம் யார் ஆள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. எனக்கு உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடியது. முன்சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். கடல் வரும்போதெல்லாம் லெச்சுமியக்கா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடிப்பதும், கடல் போனதும் விடுவதுமாக இருந்தது. கடவுளே, எங்காவது ஒரு விளக்கைக் காட்டிவிடு, ஆடு வேண்டாம், ஒரு விளக்கு போதும் என்று கும்பிட்டேன்.

இடைவேளை போனது. பாதி தியேட்டர் எழுந்து போயிருந்தது. யாரோ ஒருத்தர் குறட்டை விட்டார். எங்கள் வரிசையிலிருந்து பாண்டியண்ணன், "ஏலே, ஆட்டக் காட்டுங்கடா!" என்று கத்தினார். ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்து முழித்தார்கள். சுபம் போட்டு விளக்கும் போட்டுவிட்டார்கள். தங்கையைப் பற்றி மூச்சில்லை. அப்படி ஒருத்தி முதல் பாகத்தில் இருந்தாள் என்பதையே மறந்துவிட்டார்கள்.

"இந்தப் படத்தத் தண்ணியில போட்டா மெதக்கும்யா" என்றார் பாண்டியண்ணன். பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் உள்ளே பருப்பில்லாத சொத்தைதான் மேலே மிதக்கும், தோட்டத்தில் அதைவிடக் கேவலமான ஏச்சு கிடையாது. அடுத்து ரோசி சொன்னதுதான் எல்லோருக்கும் பட்டது: "அண்ணே, வெட்டிட்டானுவண்ணே!"

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. அந்தத் தியேட்டரில் பழைய பழக்கம் ஒன்று இருந்தது. ஐந்தரைக்கு மலைக்குக் கடைசி பஸ். மேட்னி முடிய நேரமானால் டிரைவர் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். ஆபரேட்டர் உடனே ஒரு ரீலைத் தாண்டிவிடுவார். வில்லன் அரிவாளை ஓங்குவான், அடுத்த நிமிடம் கல்யாணச் சாப்பாடு நடக்கும். யாரும் குறை சொன்னதில்லை, நமக்காகத்தானே வெட்டுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பாதிப் படங்களின் கதை இன்றைக்கும் அப்படித்தான் தெரியும்.

எல்லோரும் திமுதிமுவென்று ஆபரேட்டர் ரூம் படியில் ஏறினார்கள். நான் கடைசியில். பாண்டியண்ணன் கதவைத் தட்டி, மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "தம்பி, நாங்க பஸ்ஸுக்கு ஓடலங்க, ஜீப்புல வந்திருக்கோம். வெட்டுனத நிதானமாப் போடுங்க."

மப்ளர் கட்டிய ஒல்லியான ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எதண்ணே வெட்டுனேன்?"

"தங்கச்சிக்காரி தீவுல இருக்குற சீன."

"ஆடு வழி காட்டுமே, அது" என்றாள் ரோசி.

"ஆடா?" அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து ஒரு பெட்டியைக் காட்டினார். "ரீலெல்லாம் போயிருச்சுண்ணே. இப்ப மொத்தப் படமும் இந்தப் பொட்டிக்குள்ள கெடக்கு. பட்டன அமுக்குறதோட என் சோலி முடிஞ்சுச்சு. கத்திரிய எங்க வைக்கச் சொல்றீங்க? நாலு நாளா நானும் ஓட்டுறேன், ஆடும் இல்ல, மாடும் இல்ல."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். லெச்சுமியக்கா கீழ்ப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது மட்டும் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜீப் மலையேறியது. மூன்றாவது வளைவில் ரோசி வாயைத் திறந்தாள். "ஏன்டி, ஒன் மாமா மகன் நெசமா மெட்ராஸ்ல என்னதான் செய்யுறான்?"

"ஓட்டல்ல மாவு ஆட்டுறான்."

"அதான் மூணு வருசமா இந்த அரை அரைச்சியா?" என்றார் பாண்டியண்ணன். ஜீப்பே குலுங்கச் சிரித்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முன்சீட்டில் சிரிப்பில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, யாரிடம் என்றில்லாமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு லெச்சுமியக்கா சொன்னது: "அவ செத்துட்டான்னாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

மறுநாள் அது ஓடைக்கு அந்தப் பக்கத்து நிரைக்குப் போய்விட்டது. நான் கதை சொல்வதை விட்டேன். கேட்பாரும் இல்லை. பச்சைக் காயெல்லாம் என் சாக்கில் விழுந்தது. பாண்டியண்ணன் இரண்டு தரம் நிஜமாகவே திட்டினார். எப்போதும் ஓடைப் பக்கமே கண் போகும். மன்னிப்புக் கேட்க எத்தனையோ விதமாக வார்த்தை கட்டினேன். படத்துக்குக் கட்டின அளவுக்கு எதுவும் அழகாக வரவில்லை.

சீசன் முடிகிற சமயம், பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, லெச்சுமியக்கா தன் தூக்குப்போணியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நீ கட்டிச் சொன்னதுல தப்பில்லடி. நல்லாத்தான் இருந்துச்சி. அவன் பாத்தான், அவன் சொன்னான்னியே, அதுதான் தப்பு. நா அத நம்பி, எங்கனயோ நடந்துக்கிட்டு இருக்குன்னு இருந்துட்டேன்."

"தெரியாமச் சொல்லிட்டேன்க்கா."

"தெரிஞ்சுதான் சொன்ன" என்றது. கோபமில்லாமல்தான் சொன்னது. ஒரு வாய் குடித்துவிட்டு, "என் தங்கச்சி பேரு புஷ்பம்" என்றது.

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தங்கை இருந்தது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அத்தை வீட்டில் வளர்ந்தவளாம். அத்தை பெயர் சிலோன் குடியுரிமைக் காகிதத்தில், இவர்கள் பெயர் இந்தியாக் காகிதத்தில், அதனால் தங்கை அத்தையோடு அங்கேயே நின்றுவிட்டாளாம். "நாங்க கப்பலுக்கு ரயிலேறுறப்ப ரயிலடியில நின்னா. கையில வெளக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிஸ்கோத்துத் தின்னுக்கிட்டு நின்னா. வெரசா வந்துர்றேன்னு சொன்னேன்." கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம். பிறகு அங்கே கலவரம் என்றார்களாம். கடிதம் நின்றுவிட்டதாம்.

அன்றைக்கு நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஆட்டைக்கூடச் சேர்க்கவில்லை.

கண்ணாடிக்காரப் பையனிடம் இதையெல்லாம் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவன் நண்பர்கள் சைக்கிள் மிதிக்கக் கிளம்பிவிட்டார்கள். "மூணாவது பார்ட்ல சொல்வாங்களோ என்னவோக்கா" என்று சொல்லிவிட்டு அவனும் ஓடினான்.

அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள். மிச்சமிருக்கிற தோட்டங்களில் பறிக்கிற பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பறிக்கிறார்கள், யாருக்கும் யாரும் கதை சொல்வதில்லை. லெச்சுமியக்காவை மகள் திருப்பூருக்குக் கூட்டிப்போனாள். போகும்போது ஒரு நம்பர் கொடுத்தது. இரண்டு வருடம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு என் பிழைப்பு, இந்தக் கடை, நாள் போனதே தெரியவில்லை.

பையன்கள் போனபின் அந்த நம்பரைப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது. சரியாகப் போடவில்லையோ என்று இன்னொரு தரம் போட்டேன். ஆடலூரிலிருந்து யார் கொடைக்கானலுக்கு வந்தாலும் விசாரிக்கிறேன். "எந்த லெச்சுமி?" என்கிறார்கள்.