படத்துக்காகச் சவரம் செய்துகொண்டவர்

ஐம்பது வயதுக்கு மேல் கேமரா வாங்கியவன் நான். அதைவிட வெட்கக்கேடு, சாலையோரத்தில் வாழ்கிறவர்களைப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கப்போவதாகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தது. அளவுக்கு மேல் புத்தகம் படித்தால் ஆள் இப்படித்தான் ஆகிவிடுகிறான்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு பெரியவர் இருந்தார். நாகலாபுரம் பக்கத்துக்காரர். முதல் நாள் அருகில் உட்கார்ந்து பேசினேன். மழை ஏமாற்றியது, மகன் ஏமாற்றியது, கொசு மட்டும் ஏமாற்றாமல் வருவது என்று சொல்லிக்கொண்டே போனார். படமெடுக்கலாமா என்றதும் தாடியைத் தடவினார்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி. இந்த மூஞ்சியோட வேண்டாம்."

மறுநாள் நான் போகத் தாமதமாகிவிட்டது. உச்சி வெயில். பெரியவர் மழமழவென்று சவரம் செய்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, துவைத்த வெள்ளைச் சட்டையில் மல்லாந்து கிடந்தார். கூப்பிட்டேன். அசைவில்லை. திறந்த வாயோரம் ஓர் ஈ சாவகாசமாக நடந்தது. இவரோடு கடைசியாகப் பேசியது யார் என்று போலீஸ் கேட்டால், பக்கத்தில் பூக்கட்டும் அம்மாவின் விரல் என்னைத்தான் காட்டும்.

தொட்டுப் பார்க்கத் தைரியமில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று லென்ஸ் வழியாகப் பார்த்தேன். கை நடுங்கியதில் பொத்தான் அழுந்திவிட்டது.

கண்மூடிக் கிடப்பவரைப் படமெடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கழுகுமலை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் திரும்பியது.

"ஏலே, பெருசு போயிட்டாருல!"

"சவரமெல்லாம் பண்ணியாச்சே. நீங்க சொந்தக்காரவியளா அண்ணாச்சி?"

"இல்லை... நேத்து சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."

"அப்படி என்ன பேசுனீரு?" என்றார் ஒரு மீசைக்காரர்.

ஓடலாம் என்றால் கழுத்தில் கேமரா. தப்பி ஓடுகிறவனுக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

பூக்கார அம்மா வாழைநாரோடு எழுந்து வந்தார். "சும்மா பேசிக்கிட்டே நிக்கீங்க. கால்விரலக் கட்டாட்டி வெறைச்சிரும்லா?" குனிந்து, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து நாரை இறுக்கினார்.

கால்கள் வெடுக்கென்று மடங்கின.

"ஏட்டி, யாருட்டி அது? கூசுதுல்லா!"

கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. அதில் முதல் ஆள் நான்.

தலைகுனிந்து திரும்பி வந்தபோது பெரியவர் நாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கக் கொசுவாம். என்னை எதிர்பார்த்தவர், சட்டை கசங்கக் கூடாதென்று நிமிர்ந்து படுத்து அப்படியே அசந்துபோயிருக்கிறார். கோபப்படவில்லை, படத்தைக் காட்டச் சொன்னார்.

காட்டினேன். ஒரே வெள்ளைச் சட்டை, நான்கைந்து நிழலாகச் சிதறி ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுத பொணத்த இப்பத்தான் பாக்கேன்" என்றார் பெரியவர். "இதுக்கா நான் சவரம் பண்ணுனேன்?"