டேட்டாபேஸுக்குள் போன புருஷன்

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த செல்வலட்சுமிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். அவள் புருஷன் பாண்டித்துரை தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவனுக்குத் தமிழைத் தவிர வேறெதிலும் எழுதக் கை ஓடாது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விக்கி எழுதினார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? எழுதினார்கள். அவள் தமிழை மலையாள எழுத்தில் எழுதினாள். அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தமிழ் எழுத்தில் பதில் எழுதினான். அதை அவள் எழுத்துக்கூட்டினாள். குடும்பத்தை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம், மனசிருந்தால் போதும்.

விக்கி என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். ஒரே ஒரு கோப்பு. பென்டிரைவில் போட்டு எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பிரவுசரில் திறந்துகொள்ளும், நெட்டே வேண்டாம். உள்ளே குட்டிக் குட்டிப் பக்கங்கள். ஒரு பக்கத்தில் இருக்கும் பேரைத் தொட்டால் அந்தப் பேருக்கான பக்கம் திறக்கும். ‘மழை’ என்று அவள் எழுதிய பக்கத்தில் ‘அடுக்களை ஒழுகுது’ என்று இருக்கும். அதைத் தொட்டால் ‘ஓடு மாத்த வந்த ராஜப்பன்’. அதையும் தொட்டால், ராஜப்பன் ஏணியில் நின்றபடி அவளிடம் கேட்டது: “சேட்டன் எப்பம் வரும்?”

அதுதானே கேள்வி. ஒப்பந்தம் முடிகிறவரை பாண்டித்துரை வீட்டுக்கு வர முடியாது, நடுக்கடலில் போனும் எடுக்காது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கப்பல் கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்க வந்து நிற்கும். அன்றைக்கு அவன் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு துறைமுகக் கேட்டுக்கு வெளியே வருவான். அவள் தான் வேலை பார்க்கும் சுக்கு, மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஜங்கார் படகில் வைப்பின் தீவுக்குப் போய், ஆட்டோ பிடித்து வந்து நிற்பாள். சாயாக்கடை பெஞ்சில் அவன் லேப்டாப்பைத் திறந்து, அவள் பென்டிரைவைச் செருகி, அவள் எழுதியதைத் தனக்கும் தான் எழுதியதை அவளுக்குமாக மாற்றிக்கொடுப்பான். ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்காகத்தான் அவள் இரண்டு மாதமும் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

போன மழைக்காலத்தில் அந்த பெஞ்சில்தான் விபரீதம் நடந்தது. இரண்டு கோப்புக்கும் ஒரே பேர். அவசரத்தில் தன்னுடையதை அவளுடையதன் மேல் போட்டுவிட்டான் மனுஷன். மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது, இவர்தான் ஆமாம் என்று அமுக்கினார். அவள் இரண்டு மாதமாக எழுதியது அத்தனையும் போயே போச்சு.

“அய்யோ, நான் கப்பல்ல இனி என்னத்தைப் படிப்பேன்?” என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எழுதினவள் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு கப்பல் கம்பெனி ஆட்களுக்குச் சாட்டிலைட் நெட் கொடுத்தது. பேச்சு விட்டுவிட்டு வரும், படம் ஓடவே ஓடாது, எழுத்து மட்டும் போகும். செல்வலட்சுமிக்கு அது போதும். விக்கியை நெட்டில் ஒரு டேட்டாபேஸோடு இணைத்துவிட்டால் யார் எழுதியதும் யாருடையதையும் அழிக்காதே! பக்கத்து வீட்டு விஜி காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சேச்சி, இந்தக் கோப்பு டேட்டாபேஸ்கிட்ட நேரா பேசாது, கேட்டோ. நடுவுல ஒரு சின்ன புரோகிராம் வேணும். சேச்சி எழுதுறதை அது வாங்கி உள்ள வைக்கும், சேட்டன் கேட்டா எடுத்துக் கொடுக்கும்” என்றாள் விஜி.

“நம்ம ஆபீஸ் பியூன் மாதிரி.”

“அதே அதே. பின்னே, இனி முழுக் கோப்பையும் சேவ் பண்ண வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி வரிசையா உள்ள இருக்கும். மாத்தின பக்கம் மட்டும் போகும்.”

முதல் நாள் எல்லாப் பக்கங்களையும் ஏற்றிவிட்டுத் திறந்தால், தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, வரிக்கு வரி கேள்விக்குறி! இதுவும் போச்சா என்று செல்வலட்சுமி விஜியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டேட்டாபேஸுக்கு நம் எழுத்தெல்லாம் தெரியும்படி முதலிலேயே சொல்லி வைக்கவில்லையாம். விஜி அதைத் திருத்தி, பத்திரமாக இருந்த பழைய கோப்பிலிருந்து மறுபடி ஏற்றியதும் இரண்டு மொழி எழுத்தும் தெளிவாக வந்தன. அப்போதுதான் இவளுக்கு மூச்சே வந்தது.

பிறகென்ன, கொண்டாட்டம்தான். கடலில் அவன் எழுதுவது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவள் கண்முன் நிற்கும். அன்றன்றைக்கு வைத்த குழம்பு, அடித்த காற்று, யாரோடு சண்டை, எல்லாம். ஆசை தீர்ந்ததா என்றால், அடப் போங்க. முகம் பார்க்கிற ஆசை பக்கம் பக்கமாகப் படித்தால் தீருமா? கப்பல் எப்போது வல்லார்பாடம் வரும் என்று அவள் முன்னைவிட அதிகமாகத் தவித்தாள்.

கப்பல் வருகிற நேரமும் வந்தது. முந்தின நாள் அவன் எழுதிய பக்கம் இது: ‘செல்வி, நாளைக்கு வல்லார்பாடம். கொஞ்ச நேரந்தான் நிக்கும். வெளிய வந்து போறதுக்குள்ள இங்க அடுப்பு வேலை கெட்டுப்போவும். நீயும் வீணா லீவு போடாத. அதான் எல்லாத்தையும் அன்னன்னைக்கு எழுதிட்டோம்லா. போன்ல பேசிக்கிடுவோம்.’

எழுத்துக்கூட்டிப் படித்தது தப்போ என்று மறுபடி படித்தாள். தப்பில்லை. கோப்பு மாற்ற வேண்டியதில்லை என்றால் பெண்டாட்டியைப் பார்க்கவும் வேண்டியதில்லையா? இதற்காகவா இவள் விஜியின் காலைப் பிடித்தாள்? அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் காலை டேட்டாபேஸை நிறுத்தினாள். விஜி காட்டிக்கொடுத்திருந்த ஒரே ஒரு பட்டன். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு பக்கமும் வெளியே வராது. கொஞ்ச நேரத்தில் விஜி கூப்பிட்டாள். “சேச்சி, சர்வர் நின்னு போச்சு, நான் நோக்கட்டா?”

“நீ தொட்டா கையை ஒடிப்பேன் மோளே.”

ஜங்காரில் போகும்போது அவன் போன் வந்தது. “ஏட்டி, ஒண்ணும் திறக்கமாட்டேங்கு! மறுபடியும் எல்லாம் போச்சா?”

“கேட்டுக்கு வெளிய வாங்க, சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

வந்தான். வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். “என்னட்டி ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல்ல. நான்தான் நிறுத்தினேன்.”

“எதுக்கு?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் பட்டு வெந்த புண், இன்னும் தோல் சேராமல்.

“இது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?” என்று அந்தக் கையைப் பிடித்தாள்.

“எழுதினா நீ பயப்படுவ.” அவனும் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தான். “நீ கண்ணாடி போட்டதை எங்க எழுதின?”

“அது என்ன, பெரிய விசேஷமா?”

“எனக்கு விசேஷந்தான்.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். “பாருங்க, எனக்கு எழுத்து போதாது. நீங்க வேணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இப்படி நேர்ல கண்டாத்தான் என்னால பொறுக்க முடியும். வரமாட்டேன்னு இனி ஒரு தடவை எழுதினா, விக்கியே கிடையாது.”

பாண்டித்துரை போனை எடுத்துக் கப்பலுக்குப் பேசினான். “மத்தியானச் சோத்தை யாராவது வடிச்சிருங்கய்யா. கப்பல் எடுக்கிறதுக்குள்ள வந்துருவேன், அதுக்கு முன்ன வரமாட்டேன்.”