தப்புக்கு எந்த நாடு?

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், மாத்தளையில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நான் கிளார்க். அங்கிருந்த காப்பாளர், எந்தப் பொருளைத் தொடுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுகிற ஒல்லி மனிதர்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த தமிழ் அதிகாரி இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் தப்பு மேளத்தைக் காட்டி, "இது இந்தியச் சாமான், எடுத்துப்போடுங்கோ" என்றார்.

காப்பாளருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "மரம் இந்தா, பக்கத்து அலுவிகாரையில வெட்டினது. தோல் நம்ம லக்கல ஊரு ஆட்டோடது. அடிச்சவன் இங்கதான் பொறந்தான், போன வருஷம் இங்கதான் எரிஞ்சான். இதுல எதைங்க இந்தியச் சாமாங்கிறீங்க?"

அதிகாரி தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். மறுவாரம் காப்பாளருக்கு இடமாற்றம் வந்தது. தப்பின் கீழே அவர் "மாத்தளை" என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கிழிக்கச் சொன்னார்கள். நான்தான் கிழித்தேன்.

அவருக்கு வந்த கோபம் எனக்கு ஏன் அன்றைக்கு வரவில்லை? இப்போது வருகிறது, என் மேலேயே.