மிதித்தால்தான் வீடு

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் சாஃப்ட்பால் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் எல்லோரும் ஆறாவது, ஏழாவது படிக்கிறவர்கள். பந்து வந்தால் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள். முதல் மாதம் முழுக்க அந்தப் பயத்தை எடுப்பதிலேயே போகும். இடது கையில் கிளவுஸ், வலது கை அதன் பக்கத்தில். பந்து உள்ளே விழுந்ததும் டப்பாவை மூடுவதுபோல் மூடிவிட வேண்டும். தரையில் உருண்டு வரும் பந்துக்குக் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் வளைப்பார்கள். நாற்று நடுகிறவர்கள் குனிகிற குனிவு அது. வயலுக்குச் சரி, பந்துக்கு ஆகாது. முட்டியை மடக்கி உட்காரச் சொல்லி அவர்கள் தோளை அழுத்துவேன். என் அம்மாவும் அப்படித்தான் குனிவாள். விக்கிரவாண்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் இன்னும் நடவுக்குப் போகிறாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையைப் படிப்பது, பஸ் போர்டு பார்ப்பது, பேங்கில் பேசுவது எல்லாம் என் வேலை. அதனாலோ என்னவோ, எனக்கு ஒன்று தெரியாது என்று சொல்ல வாய் வராது. பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்க, எறிய, மட்டை வீச, ஓட எல்லாம் என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்தது. பிட்சிங் மட்டும் முடியவில்லை. கையை முழு வட்டமாகச் சுற்றி, இடுப்புக்குக் கீழே பந்தை விடுகிற அந்த வீச்சை நான் வாங்கியே பழகியவள். விழுப்புரத்தில் கல்லூரியில் படித்த வருடங்கள் முழுக்க நான் கேட்சர். எனக்குப் போட்டவள் ஒருத்திதான்.

மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண் அவள். அவள் போட்டால் பந்து என் கிளவுஸில் விழுகிற சத்தத்துக்கு மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எந்தப் பந்து வேண்டும் என்று நான் முட்டிக்கு நடுவில் விரலைக் காட்டுவேன். அவள் தலையாட்ட மாட்டாள், கண்ணை மட்டும் ஒருமுறை சிமிட்டுவாள். கேட்சருக்கு முன்னால் தரையில் இருக்கும், ஓடுகிறவர்கள் சுற்றி வந்து சேர வேண்டிய ஹோம் பிளேட்டை எங்கள் டீமில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீடு என்றுதான் சொல்வோம். 'வீட்டுக்குப் போடு' என்று நான் கத்தினால் எங்கிருந்தாலும் பந்து என்னிடம் வரும். படிப்பு முடிந்ததும் அவளைக் குயிலாப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது ஆரோவில்லில் ஒரு சமையற்கூடத்தில் வேலை. ஒரு குழந்தை.

அவளைக் கூப்பிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. பிள்ளைகளுக்கு பிட்சிங் காட்ட என்று ஒரு சாக்கு கிடைத்த பிறகுதான் ஃபோன் செய்தேன். எனக்கு வேண்டியது வேறு. இன்னொரு முறை அவள் போட வேண்டும், நான் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிறு வந்தால் ஒவ்வொரு ஞாயிறும் வருவாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

பாண்டியில் பஸ் மாறி வந்து இறங்கினாள். குழந்தையை மாமியாரிடம் விட்டிருந்தாள். புடவை கட்டியிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி, மிஸ்ஸு ஆனதும் பூசிட்ட? இந்த ஒடம்ப வச்சிக்கினு குந்த முடியுமா உன்னால?"

"நீ மொதல்ல வீடு வரைக்கும் பந்த போடு, பாக்கலாம்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றாள். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பந்து வழியிலேயே விழுந்து உருண்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அடுத்ததும் கோணலாகப் போனது. அப்புறம் அவள் தோளை ஒருமுறை உதறினாள். நான் விரலைக் காட்டினேன். கண்ணைச் சிமிட்டினாள். சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. உள்ளங்கை எரிந்தது. போட்டுக்கொண்டே இருந்தாள், நானும் போதும் என்று சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகளை ஓடவிட்டோம். எங்கள் ரப்பர் பிளேட் கிழிந்துபோய்விட்டதால், ஒரு பெண் காலையில் கோலமாவில் ஐந்து மூலையும் சரியாக வரும்படி வீடு போட்டுவிடுவாள். அன்றைக்கு விருந்தாளி வருகிறார் என்று நடுவில் ஒரு பூவும் போட்டிருந்தாள். அவளே மூன்றாவது பேஸிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தாள். வீட்டுக்கு முன்னால் வந்ததும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரே தாவலில் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் பந்தால் அவள் தோளைத் தொட்டு அவுட் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"கோலம் மிஸ். கோலத்த எப்டி மிஸ் மெதிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் சிநேகிதியும் சிரித்தாள். கிட்டே வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, கோலத்தின் மேல் நிறுத்தினாள்.

"இது வாசல் இல்ல பாப்பா, வீடு. மெதிச்சாத்தான் நீ வந்ததா கணக்கு. எவ்ளோ தூரம் ஓடியாந்தாலும் மெதிக்கலன்னா நீ வெளிலதான்."

சொல்லிவிட்டு, பூ கலைந்துபோன அந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அவ்வளவு நேரம் ஆகியிருக்கவில்லை.

பஸ் நிறுத்தம் மைதானத்துக்கு எதிரேதான். வழியில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை உரித்துக் கையிலேயே வைத்திருந்தாள். அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடு, பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்றேன். அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"இனிமே என்னக் கூப்புடாதடி."

வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. இத்தன நாள் நெனப்பே இல்லாம இருந்தேன். இன்னிக்குக் கை சுத்தனதும் எல்லாம் வந்துடுச்சி. வாரத்துக்கு ஒருவாட்டி வந்து வந்து திரும்பிப் போறதுக்கு என்னால ஆவாது."

பஸ் வந்தது. உரித்த மல்லாட்டையை என் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

இப்போது நானே பிட்சிங் போடுகிறேன். அந்தக் கோலக்காரப் பெண் கிளவுஸோடு எதிரே உட்காருகிறாள். என் பந்து அவள் தலைக்கு மேலே போகிறது, இல்லாவிட்டால் பாதியில் விழுகிறது. எனக்கு இது தெரியாது, எல்லாரும் சேர்ந்து கத்துக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சொல்வது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அந்த அக்கா எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். வேலை இருக்கும் என்கிறேன். அவளுக்கு நான் ஃபோன் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஸ் வந்து நின்றால் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் இறங்கி முடிக்கிற வரைக்கும் பார்க்கிறேன்.